இரண்டு ரூபாய் அறுபத்தாறு காசு

நம் ஊரில் டிக்கெட், போஸ்டர், ரசிகர் மன்றம் எதுவும் இல்லாமல் ஹவுஸ்ஃபுல்லாக ஓடும் காட்சி ஒன்றே ஒன்றுதான். பழைய கட்டடத்தை ஜே.சி.பி. இடிப்பது. டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வருகிறார்கள். ஆபீசுக்கு ஏற்கெனவே லேட்டான ஆசாமிகூட பைக்கை ஓரம் கட்டிவிட்டு நிற்கிறார். அத்தனை பேர் கையிலும் செல்போன். சுவர் சாய்கிற அந்த ஒரு விநாடிக்குக் காத்திருந்து, புழுதி எழும்பியதும் 'அப்பாடா, கெடச்சுது' என்று திருப்தியாகக் கலைகிறார்கள்.

எனக்கு ஒரு சின்ன சந்தேகம். அதே கட்டடம் நூறு வருஷமாக அதே இடத்தில்தான் நின்றது. போன வாரம்கூட நின்றது. முழுசாக நின்றபோது யாராவது ஒருத்தர் அதைப் படம் எடுத்தாரா? தெருவில் விசாரித்துப் பாருங்கள். சாவுக்கு வீடியோ இருக்கும். வாழ்ந்ததற்கு ஒரு போட்டோ இருக்காது.

*

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. எதைப் பார்த்தாலும் தேய்மானம் போட்டுப் பார்ப்போம். மாமனார் வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டர், மச்சானின் மண்டை, எதுவும் தப்பாது.

தேய்மானத்தில் முக்கியமாக இரண்டு முறை. 'ஸ்ட்ரெய்ட் லைன்' முறையில் வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஒருநாள் பூஜ்யம் வந்துவிடும். 'ரிட்டன் டவுன்' முறையில் மிச்சம் இருப்பதில் இத்தனை சதவீதம் என்று கழிப்பார்கள். இன்கம்டாக்ஸ்காரர்கள் இந்த முறைக்காரர்கள். குடியிருக்கும் கட்டடத்துக்கு 5 சதவீதம், மற்ற கட்டடங்களுக்கு 10 சதவீதம்.

ஒரு லட்ச ரூபாய் கட்டடத்துக்கு 10 சதவீதம் வீதம் நூறு வருஷம் கழித்துப் பாருங்கள். நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் நிற்பது இரண்டு ரூபாய் அறுபத்தாறு காசு. இந்தக் காலத்தில் அதற்கு ஒரு சமோசாகூட வராது. ஆனால் கவனியுங்கள், பூஜ்யம் இல்லை! இருநூறு வருஷம் கழித்தாலும் ஏதோ துக்கடா மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். பழைய கட்டடத்தின் போட்டோ என்பது அந்த மிச்சம்தான் என்பது என் கட்சி. அதுவும் இல்லையென்றால் கணக்கு முடிந்தது, பேரேட்டை மூடி வைக்க வேண்டியதுதான்.

*

ஆண்டிமடத்திலிருந்து ஜெயங்கொண்டம் போய், அங்கே பஸ் மாறினால் கொஞ்ச தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பி ஜெயித்த சந்தோஷத்தில் கட்டிய தலைநகரம். சுமார் 250 வருஷம் சோழர்களின் தலைமைச் செயலகமே அதுதான். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியாயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் கழுத்தை நிமிர்த்தி விமானத்தைப் பார்த்து, 'ஓ' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் பிரம்மாண்டமான கருங்கல் மதில் இருந்தது. இப்போது அதில் முக்கால்வாசிக்கு மேல் காணோம். எந்தப் படையெடுப்பிலும் போகவில்லை ஐயா, ஓர் அணைக்கட்டில் போனது!

1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார். அணைக்குக் கல் வேண்டும். பக்கத்திலேயே ராஜேந்திரன் வெட்டி, செதுக்கி, அடுக்கி ரெடிமேடாக வைத்திருந்தான். கான்ட்ராக்டர் மனசு எந்த நூற்றாண்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். மதிலைப் பெயர்த்தார்கள். கோயிலில் இருந்த சிற்பக் கற்களும் சேர்ந்து போயின.

ஊர் ஜனங்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. தடுத்திருக்கிறார்கள். தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்களாம். அந்த மதில் வரவே இல்லை என்று 1855-ல் ஓர் உள்ளூர் வெளியீடு வயிற்றெரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறது. அரசாங்க வாக்குறுதிகளுக்கு நம் பக்கத்தில் நல்ல பாரம்பரியம் உண்டு.

இதில் காட்டன் துரையை மட்டும் வில்லனாக்கிவிட முடியாது. அந்தக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. வீராணத்திலிருந்து 2004-லிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. அதாவது மயிலாப்பூர், மாம்பலத்தில் குழாய் திறந்து குடிக்கும் அன்பர்களே, உங்கள் டம்ளரில் ராஜேந்திர சோழனின் மதிலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நன்றி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, டம்ளரைக் கவிழ்க்கும் முன் ஒரு விநாடி நினையுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. மதில் போனது 1836. பாரிஸில் டாகேர் என்பவரின் போட்டோ பிடிக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்தது 1839. வெறும் மூன்று வருஷ வித்தியாசம்! எண்ணூறு வருஷம் நின்ற மதில் இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடித்திருந்தால் ஒரு படமாவது மிஞ்சியிருக்கலாம். அந்த மதில் எவ்வளவு உயரம், வாசல் எப்படி, மேலே நந்தி உட்கார்ந்திருந்ததா என்பதற்கெல்லாம் இன்று அடித்தளத்தையும் மிச்சத் துண்டையும் வைத்து நிபுணர்கள் யோசிக்கிறார்கள்.

ராஜேந்திரனுக்குக் காமிரா கிடையாது, மன்னிக்கலாம். நம் சட்டைப் பையில் ஆளுக்கொரு காமிரா இருக்கிறது. நமக்கு என்ன சாக்கு?

*

'அழிந்து போவதற்குள் பிடித்து வை' என்ற யோசனை புதுசு இல்லை. சென்னை ராஜதானியில் இதற்கென்று ஒரு சர்க்கார் உத்தியோகமே இருந்தது. பெயர் லின்னியஸ் ட்ரைப். ராணுவ கேப்டன். 1856-ல் அரசாங்க போட்டோகிராபராக நியமனம். மாட்டு வண்டியில் காமிராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு திருச்சி, தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றினார். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை அடி அடியாக 21 படம் எடுத்து, ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று நாம் கல்யாண மண்டபத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் பாதி காது போய்விடுகிறது.

அப்புறம் நடந்ததை அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டில் வேலை பார்ப்பவர்கள் ஊகித்திருப்பீர்கள். சார்லஸ் டிரெவெலியன் கவர்னராக வந்தார். செலவுக் கணக்கைப் பார்த்தார். போட்டோவா? ஆடம்பரம்! 1860-ல் ட்ரைப்பின் வேலைக்குச் சங்கு. அந்த நாலு வருஷத்தில் எடுத்ததற்கு இன்று விலை சொல்ல முடியாது. அந்த நாலு வருஷச் சம்பளத்தை மிச்சம் பிடித்திருந்தால் அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா?

லண்டன்காரர்கள் வேறு மாதிரி. 1875-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆர்ம்ஸ் என்ற பழைய சத்திரத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும், சில பேர் சேர்ந்து 'பழைய லண்டனின் மிச்சங்களைப் படம் பிடிக்கும் சங்கம்' என்று ஆரம்பித்தார்கள். கொடி கிடையாது, உண்ணாவிரதம் கிடையாது. சந்தா வசூலித்தார்கள், நல்ல போட்டோகிராபர்களை வைத்துப் படம் எடுத்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் 120 படங்கள். சத்திரம் இடிந்தே போனது. ஆனால் அதன் மர வராந்தாவும் முற்றமும் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கின்றன.

பாரிஸில் இன்னும் வேடிக்கை. நகரசபையே தெருத்தெருவாக இடித்தது. அதே நகரசபையே சார்லஸ் மார்வில் என்பவருக்குச் சம்பளம் கொடுத்து, இடிக்கப் போகிற தெருக்களைப் படம் எடுக்கச் சொன்னது. 'கொல்லத்தான் போகிறோம், போட்டோவாவது எடுத்துக்கொள்வோம்' என்கிற நாகரிகம். நம் நெடுஞ்சாலைத் துறையினர் ரோடு அகலப்படுத்தும்போது சுவரில் சிவப்பு பெயின்ட்டில் நம்பர் போடுகிறார்களே, அந்த நம்பரோடு சேர்த்து ஒரு போட்டோவும் எடுத்து பைலில் வைத்தால் பாரிஸ் ஆகிவிடலாம். பெயின்ட் செலவைவிடக் குறைவு.

சிகாகோவில் ரிச்சர்ட் நிக்கல் என்று ஒரு மனிதர். லூயிஸ் சல்லிவன் கட்டிய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுவதைப் பார்த்து, முதலில் படம் எடுத்தார். பிறகு எதிர்த்தார். பிறகு, முடிந்த அலங்காரத் துண்டுகளைப் பெயர்த்தெடுத்துக் காப்பாற்றினார். 1972-ல் பழைய பங்குச் சந்தைக் கட்டடம் இடிபட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே தனியாகப் போனவர் மேல் தளம் சரிந்தது. நாலு வாரம் கழித்துத்தான் உடல் கிடைத்தது. அந்தக் கட்டடத்தின் பெரிய ஹாலை அப்படியே ஒரு மியூசியத்துக்குள் மறுபடி அமைத்திருக்கிறார்கள். ஆளைத்தான் மறுபடி அமைக்க முடியவில்லை. இடிபடும் கட்டடத்துக்குள் நுழையாதீர்கள். வெளியே நின்று எடுத்தால் போதும்.

*

'சரி சார், போட்டோ எடுத்து என்ன பிரயோஜனம்? கட்டடம் திரும்பி வருமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். பேங்கில் வேலை. பிரயோஜனம் இல்லாமல் கொட்டாவிகூட விடமாட்டார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கட்டடம் வராது. ஆனால் சாமி வந்திருக்கிறது.

பாண்டிச்சேரியில் 1955-ல் ஆரம்பித்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் 1956-லிருந்து ஊர் ஊராகக் கோயில்களைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் 'வேலையத்த வெள்ளைக்காரன்' என்றுதான் சிரித்திருப்பார்கள்.

நம் அரியலூர் மாவட்டத்திலேயே ஸ்ரீபுரந்தான் என்று ஒரு கிராமம். சோழர் காலக் கோயில். பூசை நின்று, பூட்டிக் கிடந்தது. அங்கிருந்த நடராஜர் வெளியேறி, நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்துக்கே போய்விட்டார். 2008-ல் ஐந்து மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். இங்கே கோயிலைத் திறந்து பார்த்து, திருட்டுப் போயிருக்கிறது என்று நாம் தெரிந்துகொண்டதே அதற்கப்புறம்தான்!

அங்கே அவர்களிடம் பில் இருந்தது, ரசீது இருந்தது, 'ரொம்ப காலமாக வெளிநாட்டில் இருக்கும் சிலை' என்று பேப்பர்கள்கூட இருந்தன. நம்மிடம் என்ன இருந்தது? பாண்டிச்சேரி பைலில் 1994-ல் ஸ்ரீபுரந்தான் கோயிலிலேயே எடுத்த போட்டோ இருந்தது. அதே சாமி, அதே அடையாளங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அந்தப் பேப்பர்கள் எல்லாம் வெறும் பேப்பர்கள் ஆகிவிட்டன. நமக்குப் பக்கத்து ஊரான விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் அர்த்தநாரீஸ்வரர் கதையும் இதேதான். சிட்னி வரை போனவரைப் பழைய போட்டோ காட்டிக் கொடுத்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்தபோது இரண்டு பேரையும் கையோடு அழைத்து வந்து ஒப்படைத்தார்.

எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாமல் என்ட்ரி கிடையாது. போட்டோதான் வவுச்சர். ஸ்ரீபுரந்தானுக்கு வவுச்சர் இருந்தது, ஆள் திரும்பி வந்தார். கங்கைகொண்ட சோழபுரம் மதிலுக்கு இல்லை.

*

ஆண்டிமடத்தில் விருத்தாசலம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெரு. நாட்டு ஓடு வேய்ந்த திண்ணை வீடு ஒன்று. உத்தரத்தில் செல். ஓட்டுக்கு மேலே செடி. வாசலில் செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் வந்து இறங்கியிருந்தன. நான் போனை எடுத்ததும் திண்ணையில் இருந்த பெரியவர் எழுந்துவிட்டார்.

"என்னா தம்பி, ரோடு ஆபீசா?"

"இல்லைங்கய்யா. சும்மா, படம் எடுக்கலாம்னு."

"சும்மா யாரு படம் எடுப்பா? லோன் குடுக்கறவங்களா?"

லோனும் இல்லை, ரோடும் இல்லை, வீட்டு வரியும் இல்லை என்று நம்ப வைக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. சிங்கப்பூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறான், தை பிறந்ததும் இடிப்பு, மேலே ஒரு மாடி, கீழே கார் விட இடம் என்றார். "ஒவ்வொரு மழைக்கும் ஓட்டைப் பிரிச்சு மாத்தறதுக்கு ஆளும் இல்ல, ஓடும் கிடைக்கல தம்பி. பாத்திரத்த வச்சு வச்சு மாளல."

நியாயம்தானே? மழைக்கு ஒழுகுகிற வீட்டில் அவர் இருக்க வேண்டும், நாம் ஞாயிற்றுக்கிழமை போய் 'ஆஹா, பாரம்பரியம்' என்று படம் எடுத்துவிட்டுத் தார்சு வீட்டுக்குத் திரும்பி ஃபேன் போட்டுக்கொள்ள வேண்டும் என்றால், அது அயோக்கியத்தனம். அவர் இடிக்கட்டும். நன்றாகக் கட்டட்டும். படம் எடுப்பவன் 'இடிக்காதே' என்று சொல்ல வந்தவன் இல்லை. 'ஒரு நிமிஷம் இருங்கள்' என்று சொல்ல வந்தவன்.

முன்பக்கம், திண்ணை, தூண், நிலைவாசல் என்று எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அந்த அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, வாசலத்தான் எல்லாரும் பாக்கறாங்களே. இங்க வந்து இத எடு."

அடுப்படிச் சுவர். புகை படிந்த சுண்ணாம்புப் பூச்சில் வரிசை வரிசையாகக் கரிக்கோடுகள். பால் கணக்கு. அவருடைய மாமியார் போட்டது. ஊற்றிய நாளுக்கு ஒரு கோடு, ஊற்றாத நாளுக்கு ஒரு சுழி, மாசம் முடிந்தால் குறுக்கே ஒரு இழுப்பு. சில இடத்தில் அழித்து எழுதியிருந்தது. "பால்காரரோட சண்ட" என்றார் அந்த அம்மா. மூணு வருஷம் காலேஜில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட புக் கீப்பிங்கை, பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டி சமையற்கட்டுச் சுவரில் கரியால் முடித்து வைத்திருந்தார்.

யுனெஸ்கோ இந்தச் சுவருக்கு வராது. தொல்லியல் துறை போர்டு வைக்காது. பெரியவர்கூட அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. தை மாசம் ஜே.சி.பி. வந்தால் முதல் அடியிலேயே போய்விடும். கிளம்பும்போது அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "எத்தினி காப்பி எடுப்ப? எனக்கு ஒண்ணு கழுவிக் குடுத்துடு. போன்ல வேணாம், கையில பிடிக்கிற மாதிரி."

கொடுத்துவிட்டேன். எட்டுக்குப் பன்னிரண்டு சைஸ்.

*

ஊருக்கு ஒரு தாஜ்மகால் கிடையாது. ஆனால் எல்லா ஊரிலும் ஒரு சாவடி, ஒரு பழைய டாக்கீஸ், ஒரு ஓட்டுப் பள்ளிக்கூடம், ஒரு போஸ்டாபீஸ், தாத்தா முதல் தாலுகா ஆபீஸ் மனு எழுதிய ஒரு திண்ணை இருக்கும். சென்னையில் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. 1837-லிருந்து இருந்த சென்ட்ரல் ஜெயிலை 2009-ல் இடித்தார்கள். இடிப்பதற்கு முன் பொதுமக்கள் பார்க்க சில நாள் திறந்துவிட்டபோது கும்பல் கும்பலாகப் போனார்கள். ஜெயிலுக்குள் போக ஜனங்கள் முண்டியடித்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். மவுன்ட் ரோட்டில் 1897-ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்க ஆரம்பித்தபோது, கோர்ட்டுக்குப் போய் நிறுத்த வேண்டியிருந்தது. பட்டணத்துக் கட்டடத்துக்குக் கோர்ட், வக்கீல், பேப்பர் செய்தி எல்லாம் உண்டு. ஆண்டிமடம் கட்டடத்துக்கு நீங்களும் நானும்தான்.

ஆகவே, ஆபீஸ் லீவு நாளில் என்ன செய்யலாம்? முழுக் கட்டடத்தையும் எதிர்ச்சாரியில் நின்று ஒன்று. பக்கவாட்டில் ஒன்று. தூண், கதவு, தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி தனித்தனியாக. பக்கத்தில் ஓர் ஆளை நிற்க வையுங்கள், அப்போதுதான் உயரம் தெரியும். அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டாம். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வீட்டிலேயே வயசான பெண்மணியைத் தேடி, 'எதை எடுக்கணும்?' என்று கேளுங்கள். தேதி, தெரு, கதவு எண், கட்டியவர் பெயர் எழுதி வையுங்கள். பெயர் எழுதாத போட்டோவை உங்கள் பேரனே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவான். முக்கியமாக, பிரின்ட் போடுங்கள். செல்போன் வாளியில் விழுந்தால் சரித்திரமும் சேர்ந்து விழும். ஒரு பிரதி வீட்டுக்காரருக்கு, ஒன்று உள்ளூர் நூலகத்துக்கு, ஒன்று உங்களுக்கு.

செலவு? ஒரு சினிமா, இடைவேளை பாப்கார்ன். அவ்வளவுதான்.

காலை ஏழிலிருந்து எட்டரை வரை வெயில் நன்றாக இருக்கும். கிழக்குப் பார்த்த வீடுகளில் ஆரம்பியுங்கள்.